பந்தைத் தொடாதவர் செய்த குற்றம் என்ன?

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ந் தேதி. இங்கிலாந்தில் உள்ள மான்செஸ்டர் நகரம். ஓல்டு டிராபோர்டு மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. அவ்வளவு கூட்டம்!

ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு கோஷ்டிகள் அன்று மோதின. ஒன்று, மான்செஸ்டர் யுனைடெட். மற்றொன்று, மான்செஸ்டர் சிட்டி. சிட்டி கோஷ்டி ஒரு கோல் போட்டு முன்னால் நின்றது. ஆட்டம் முடிய ஏறக்குறைய 12 நிமிஷமே பாக்கி.

அப்போது யுனைடெட் ஆட்டக்காரர் கசமீரோ பந்தை முன்னால் தள்ளினார். அதைப் பிடிக்க மார்க்கஸ் ராஷ்போர்டு பாய்ந்தார். பந்து கிளம்பிய நேரத்தில் ராஷ்போர்டு நின்ற இடம் ஆப்சைடு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ராஷ்போர்டு ஓடினார். பந்து அவருடைய காலடியிலேயே உருண்டது. "இதோ உதைக்கப் போகிறார்!" என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் உதைக்கவில்லை. பந்தைத் தொடவே இல்லை! பின்னாலிருந்து ஓடி வந்தார் புரூனோ பெர்ணான்டஸ். அவர் ஆப்சைடு இடத்தில் இல்லாதவர். ஓடி வந்த வேகத்தில் ஓர் உதை. பந்து வலைக்குள் புகுந்தது.

உதவி நடுவர் கொடியைத் தூக்கினார். "ஆப்சைடு!" என்றது கொடி. நடுவர் அவரிடம் போய்ப் பேசினார். தீர்ப்பு மாறியது. "கோல் செல்லும்!" நான்கு நிமிஷம் கழித்து ராஷ்போர்டே இன்னொரு கோல் போட்டார். சிட்டி கோஷ்டி 1-2 என்ற கணக்கில் தோற்றது.

ஆட்டம் முடிந்தது, வாதம் முடியவில்லை. பந்தைத் தொடாத ஒருவர் குற்றம் செய்தவர் ஆவாரா? உலகம் முழுவதும் கால்பந்து ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரித்த கேள்வி இது. இதற்கு விடை காண வேண்டுமானால், ஆப்சைடு விதி பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நடமாடும் கோடு

சடுகுடு ஆட்டத்தில் கோடு தரையில் கிழித்திருக்கிறது. தாண்டினால் தாண்டியதுதான். ஆப்சைடு கோடு அப்படி அல்ல. அது தரையில் இல்லை. ஆட்டக்காரர்கள் ஓட ஓட, அந்தக் கோடும் கூடவே ஓடும்!

விதி இதுதான். எதிர்க் கோஷ்டியின் பாதி மைதானத்தில் ஒருவர் நிற்கிறார். அவருடைய கோஷ்டிக்காரர் ஒருவர் பந்தை உதைக்கிறார். அந்தக் கணத்தில், நிற்பவர் பந்தைவிட எதிரியின் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். எதிரிகளில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டியிருக்கிறார். அப்படியானால் அவர் நிற்பது ஆப்சைடு இடம். அந்தக் கடைசி இரண்டு பேரில் ஒருவர் பெரும்பாலும் கோல் கீப்பராக இருப்பார்.

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். ஆப்சைடு இடத்தில் நிற்பது குற்றம் அல்ல! அங்கே நின்றுகொண்டு ஆட்டத்தில் கலந்துகொண்டால்தான் குற்றம். ஆக, நடுவர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் காண வேண்டும். அவர் எங்கே நின்றார்? என்ன செய்தார்? முதல் கேள்வி அளவு பற்றியது. இரண்டாவது கேள்வி நியாயம் பற்றியது. தகராறு எல்லாம் இரண்டாவது கேள்வியில்தான் பிறக்கிறது.

பதுங்கி நிற்பவர்கள்

ஆப்சைடு விதி இங்கிலாந்துப் பள்ளிக்கூட மைதானங்களில் பிறந்தது. எதிரியின் கோலுக்குப் பக்கத்தில் ஒருவன் சும்மா நிற்பான். மற்றவர்கள் சேற்றில் புரண்டு பந்தைக் கொண்டு வருவார்கள். கடைசியில் அவன் ஓர் உதை உதைத்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போவான். ஈட்டன் பள்ளிக்கூடத்தில் இதைப் பதுங்கல் என்று சொல்லி ஏளனம் செய்தார்கள். நேருக்கு நேர் நின்று ஆடாமல் பதுங்கி ஆடுவது கோழைத்தனம் என்று கருதினார்கள்.

1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் ஏற்பட்டது. அது போட்ட முதல் விதி மிகக் கடுமையானது. பந்துக்கு முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் ஆப்சைடு! பந்தை முன்னால் உள்ள தோழருக்குத் தள்ளிவிட முடியாது. தானே காலால் தட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மூன்று வருஷத்தில் விதி தளர்ந்தது. 1866-ல் புது விதி வந்தது. ஒருவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரிகள் மூன்று பேராவது இருந்தால், அவர் ஆப்சைடு இல்லை. இதன் பிறகுதான் பந்தை ஒருவருக்கு ஒருவர் தள்ளி ஆடும் ஆட்டம் வளர்ந்தது. 1907-ல் இன்னொரு சலுகை கிடைத்தது. தன் பாதி மைதானத்தில் நிற்பவருக்கு ஆப்சைடு கிடையாது என்று ஆயிற்று.

மெக்ராக்கன் வைத்த பொறி

சட்டம் இருந்தால் அதில் சந்து கண்டுபிடிப்பவரும் இருப்பார். அவர்தான் பில் மெக்ராக்கன். வட அயர்லாந்துக்காரர். நியூகாசில் யுனைடெட் கோஷ்டியின் பின்னணி ஆட்டக்காரர்.

மூன்று எதிரிகள் முன்னால் இருக்க வேண்டும் என்பதுதானே விதி? கோல் கீப்பர் ஒருவர். பின்னணி ஆட்டக்காரர்கள் இரண்டு பேர். ஆக மூன்று. எதிரி பந்தைத் தள்ளப் போகும் நேரம் பார்த்து மெக்ராக்கன் இரண்டு அடி முன்னால் ஓடி வந்துவிடுவார். மூன்று பேர் இரண்டாகி விடுவார்கள். எதிரி நின்ற இடத்தில்தான் நிற்பார். ஆனால் ஆப்சைடு ஆகிவிடுவார்! பொறி தவறினாலும் பயம் இல்லை. இன்னொரு பின்னணி ஆட்டக்காரர் காவலுக்கு இருப்பார்.

ஒரு கதை சொல்வார்கள். நியூகாசிலில் விளையாட ஒரு வெளியூர்க் கோஷ்டி ரெயிலில் வந்து இறங்கியதாம். ரெயில் நிலையத்தில் 'கார்டு' விசில் ஊதினாராம். "அட, அதற்குள் ஆப்சைடா?" என்றாராம் ஓர் ஆட்டக்காரர்!

மெக்ராக்கனைப் பார்த்து மற்றக் கோஷ்டிகளும் பொறி வைக்கத் தொடங்கின. மைதானத்தின் நடுவிலேயே எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நிமிஷத்துக்கு நிமிஷம் விசில். கோல் விழுவது குறைந்தது. காசு கொடுத்து வந்தவர்கள் சலித்துப்போனார்கள்.

பதுங்குபவனைத் தடுக்க வந்த விதி அது. கடைசியில், நேர்மையாக ஆடுபவனை மடக்கும் சூழ்ச்சியாக மாறிவிட்டது!

ஓர் எண் செய்த மாயம்

இரண்டு யோசனைகள் எழுந்தன. 'மூன்று பேர்' என்பதை 'இரண்டு பேர்' என்று மாற்றலாம் என்பது ஒன்று. கோலிலிருந்து 40 கஜ தூரத்தில் ஒரு கோடு கிழித்து, நடு மைதானத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே ஆப்சைடு இல்லை என்று வைக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் ஆடிப் பார்த்தார்கள். முதல் யோசனையே வென்றது. ஸ்காட்லாந்துச் சங்கம் அதை விதிகளை வகுக்கும் சர்வதேசச் சபையில் கொண்டு வந்தது. 1925-ல் விதி மாறியது.

பலன் என்ன? இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் 1924-25 பருவத்தில் விழுந்த கோல்கள் 4,700. அடுத்த பருவத்தில் விழுந்தவை 6,373. அதே 1,848 ஆட்டங்கள். ஆனால் 1,673 கோல்கள் கூடுதல்! விதியில் மாறியது ஓர் எண் மட்டுமே.

பின்னணி ஆட்டக்காரர்கள் திண்டாடினார்கள். 1925 அக்டோபர் 3-ந் தேதி ஆர்சனல் கோஷ்டி நியூகாசிலிடம் 0-7 என்று தோற்றது. ஆர்சனல் மானேஜர் ஹெர்பர்ட் சாப்மன் யோசித்தார். ஆட்டக்காரர் சார்லி புக்கன் ஒரு வழி சொன்னார். நடு மைதானத்தில் உலவிய 'சென்டர் ஹாப்' ஆட்டக்காரரைப் பின்னால் இழுத்து, இரண்டு பின்னணி ஆட்டக்காரர்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். அதிலிருந்து கிளைத்த அமைப்பை உலகமே பின்பற்றியது.

ஆப்சைடு விதியில் கை வைத்தால் ஆட்டமே மாறும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். விதியைத் திருத்தும் சபை ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பார்ப்பதன் காரணமும் இதுதான்.

1990-ல் இன்னொரு திருத்தம் வந்தது. அதுவரை கடைசியிலிருந்து இரண்டாவது எதிரிக்குச் சமமாக நின்றாலும் ஆப்சைடு. 1990-க்குப் பிறகு, சமமாக நின்றால் ஆப்சைடு இல்லை. அதாவது, தாக்கி ஆடுபவருக்குச் சபை ஒரு சலுகை கொடுத்தது.

'கலந்துகொள்வது' எது?

அளவு பற்றிய கேள்வி இப்படித் தெளிவடைந்து வந்தது. நியாயம் பற்றிய கேள்வி மட்டும் நகரவில்லை. ஆப்சைடு இடத்தில் நிற்பவர் ஆட்டத்தில் கலந்துகொண்டார் என்று எப்போது சொல்வது?

"ஆட்டத்தில் கலந்துகொள்ளாதவருக்கு மைதானத்தில் என்ன வேலை?" என்ற கேலிப் பேச்சு இங்கிலாந்தில் பிரபலம். மானேஜர் பிரயன் கிளப் சொன்னது என்பார்கள் சிலர். பில் ஷாங்க்லி சொன்னது என்பார்கள் வேறு சிலர். யார் சொன்னால் என்ன? அதில் உண்மை இருக்கிறது. ஒருவர் சும்மா நின்றாலே எதிரியின் கண் அவர் மேல் போகும். எதிரியின் கால் தயங்கும்.

ஆனால் அப்படி எல்லாவற்றையும் குற்றம் என்று வைத்தால், மைதானத்தின் மூலையில் காலில் அடிபட்டு உட்கார்ந்திருப்பவரால்கூட நல்ல கோல் செல்லாமல் போய்விடும். ஆகையால் 2005-ல் சபை ஒரு தெளிவான வியாக்கியானம் கொடுத்தது. ஆட்டத்தில் தலையிடுவது என்றால், தன் கோஷ்டிக்காரர் தந்த பந்தைத் தொடுவது. தொட்டால் குற்றம். தொடாவிட்டால், எதிரிக்கு இடைஞ்சல் செய்தாரா என்று பார்க்க வேண்டும். கோல் கீப்பரின் பார்வையை மறைத்தாரா? எதிரியோடு பந்துக்குப் போட்டியிட்டாரா? எதிரி பந்தை ஆட முடியாதபடி வெளிப்படையாக ஏதாவது செய்தாரா? இப்படிப்பட்ட விளக்கங்கள் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

விதியின் எழுத்தை அப்படியே பிடித்துக்கொண்டால் சில சமயம் விசித்திரமான தீர்ப்பு வரும். 2008 ஜூன் 9-ந் தேதி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹாலந்தும் இத்தாலியும் மோதின. இத்தாலி ஆட்டக்காரர் பனுச்சி, தன் கோல் கீப்பர் புபான் மீதே மோதி, கோல் கோட்டுக்கு வெளியே விழுந்து கிடந்தார். அந்த நேரத்தில் ஹாலந்தின் வான் நிஸ்டல்ராய் கோல் போட்டார். மைதானத்தில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் அவர் ஆப்சைடு. ஆனால் வெளியே கிடந்த பனுச்சியையும் கணக்கில் சேர்த்து, கோல் செல்லும் என்றார் நடுவர். இத்தாலி ரசிகர்கள் கொதித்தார்கள். என்றாலும் தீர்ப்பு சரியே. வேண்டுமென்றே வெளியே நழுவி எதிரியை ஆப்சைடில் மாட்டிவிடக்கூடாது அல்லவா? அந்த ஏமாற்றைத் தடுப்பதுதான் விதியின் நோக்கம்.

இரண்டு கட்சிகள்

மான்செஸ்டர் தகராறுக்கு வருவோம்.

கோல் செல்லும் என்ற கட்சியார் சொல்வது இது: ராஷ்போர்டு பந்தைத் தொடவில்லை. யார் பார்வையையும் மறைக்கவில்லை. யாரோடும் மோதவில்லை. எந்த எதிரியும் பந்தை ஆடும் தூரத்தில் இல்லை. விதியில் உள்ள ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பாருங்கள். எதிலும் அவர் சிக்கவில்லை. நடுவர் விதிப்படி நடக்க வேண்டியவர். தம் மனத்துக்குப் பட்டதையெல்லாம் குற்றம் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

எதிர்க்கட்சியார் சொல்வது: பந்துக்கு மேலேயே அத்தனை தூரம் ஓடியவர், உதைக்கக் காலைத் தயார் செய்வதுபோல் காட்டியவர், ஆட்டத்தில் கலந்துகொள்ளவில்லையா? பின்னணி ஆட்டக்காரர்கள் யாரைத் துரத்தினார்கள்? கோல் கீப்பர் எடர்சன் யாருடைய உதையை எதிர்பார்த்து நின்றார்? ராஷ்போர்டு அங்கே இல்லாவிட்டால் பெர்ணான்டஸ் வருவதை எல்லோரும் பார்த்திருப்பார்களே!

இரண்டு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. முதல் கட்சி கைகொண்டு தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி கேட்கிறது. இரண்டாவது கட்சி மனத்தில் ஏற்பட்ட விளைவைப் பார்க்கச் சொல்கிறது. முதல் வழியில் எல்லா நடுவர்களும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்ல முடியும். ஆனால் தந்திரக்காரர் தப்பிவிடுவார். இரண்டாவது வழியில் தந்திரம் பலிக்காது. ஆனால் நடுவருக்கு நடுவர் தீர்ப்பு மாறும்.

எதிரி தொட்டால்?

2021 அக்டோபர் 10-ந் தேதி இத்தாலியின் மிலான் நகரில் ஐரோப்பிய நாடுகள் லீக் இறுதி ஆட்டம். பிரான்சும் ஸ்பெயினும் 1-1 என்று சமமாக இருந்தன. பிரான்சின் எம்பாப்பேக்கு ஒரு பந்து வந்தது. அவர் ஆப்சைடு இடத்தில் நின்றார். வழியில் ஸ்பெயின் ஆட்டக்காரர் எரிக் கார்சியா காலை நீட்டி அதைத் தடுக்கப் பார்த்தார். பந்து அவர் காலில் பட்டு எம்பாப்பேயிடம் போனது. அவர் கோல் போட்டார். பிரான்ஸ் கோப்பையை வென்றது!

காரணம் என்ன? எதிரி வேண்டுமென்றே பந்தை ஆடினால், ஆப்சைடில் நின்றவர் மேல் குற்றம் இல்லை என்பது விதி. கார்சியா காலை நீட்டியது வேண்டுமென்றே அல்லவா?

இதைக் கேட்டு ஸ்பெயின்காரர்கள் திகைத்தார்கள். அவர் பந்தைத் தடுக்க முயலாமல் சும்மா இருந்திருந்தால் கோல் செல்லாது. கடமையைச் செய்ததற்காகத் தண்டனையா?

இந்த வாதம் எடுபட்டது. 2022 ஜூலையில் சபை புது விளக்கம் கொடுத்தது. காலை நீட்டினால் மட்டும் போதாது. பந்து தன் வசப்படும் நிலையில் அவர் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். பந்து தூரத்திலிருந்து வந்ததா? கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்ததா? வேகம் குறைவாக இருந்ததா? உடம்பை நிதானப்படுத்திக்கொள்ள அவருக்கு நேரம் இருந்ததா? ஒரு கோலைப் பற்றிய வாதம் ஒரு வருஷத்துக்குள் வியாக்கியானத்தையே மாற்றிவிட்டது.

இயந்திரம் தீர்த்ததும் தீர்க்காததும்

உதவி நடுவரின் வேலை லேசானது அல்ல. பந்து உதைபடும் கணத்தையும் பார்க்க வேண்டும். அதே கணத்தில் தொலைவில் ஓடுபவர் நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு கண் போதாது.

ஆகவே வீடியோ வந்தது. 2018-ல் ருஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் வீடியோ நடுவர்கள் இருந்தார்கள். 2019-ல் இங்கிலாந்து பிரிமியர் லீக்கும் அதை ஏற்றது. உடனே அங்குலத் தகராறு ஆரம்பமாயிற்று. அதே வருஷம் நவம்பரில் லிவர்பூல் ஆட்டக்காரர் பிர்மினோ போட்ட கோல் செல்லாது என்றார்கள். அவருடைய அக்குள் கோட்டைத் தாண்டியிருந்ததாம்! ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கேலியிலும் அர்த்தம் இருந்தது. விநாடிக்கு 50 படம் எடுக்கும் காமிராவை வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர் ஓடுபவர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். அப்படியிருக்க, அக்குளை அளப்பது எப்படி?

2022-ல் கத்தார் உலகக் கோப்பையில் இதற்கும் வழி கண்டார்கள். கூரையில் 12 காமிராக்கள். ஒவ்வோர் ஆட்டக்காரர் உடம்பிலும் 29 இடங்களை விநாடிக்கு 50 முறை குறித்துக்கொள்ளும். பந்துக்குள் ஒரு கருவி. அது விநாடிக்கு 500 முறை சேதி அனுப்பும். முதல் ஆட்டத்தின் முதல் கோலே இதில் சிக்கியது. ஈக்வடாரின் வலென்சியா போட்ட அந்தக் கோல் செல்லவில்லை. அடுத்த இரண்டாம் நாள், சவுதி அரேபியாவுக்கு எதிராக முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆப்சைடு என்று தள்ளுபடி ஆயின. சவுதி 2-1 என்று வென்றது!

பிரெஞ்சுக்காரரான ஆர்சேன் வெங்கர் இன்னொரு யோசனை சொல்லியிருக்கிறார். ஆர்சனல் கோஷ்டியின் முன்னாள் மானேஜர் அவர். கோல் போடத் தக்க எந்த உறுப்பாவது எதிரிக்குச் சமமாக இருந்தால் போதும். ஆப்சைடு இல்லை என்று வைக்கலாம் என்கிறார். அக்குள் தகராறு ஒழியும், கோல்களும் பெருகும். ஆனால் பின்னணி ஆட்டக்காரர்கள் பயந்து கோலுக்கு அருகிலேயே பதுங்கிக்கொள்வார்கள் என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். கோட்டை எங்கே நகர்த்தினாலும், அந்தப் புதுக் கோட்டில் அங்குலத் தகராறு வரும் என்றும் சொல்கிறார்கள்.

இவை எல்லாம் 'எங்கே நின்றார்?' என்ற கேள்விக்குப் பதில். ராஷ்போர்டு எங்கே நின்றார் என்பதில் தகராறே இல்லையே! 'என்ன செய்தார்?' என்பதற்கு 12 காமிராக்களும் பதில் சொல்லமாட்டா. எதிரியின் மனம் தயங்கியதை அளக்கும் கருவி பந்துக்குள் இல்லை. அந்தத் தீர்ப்பு மனிதர் சொல்ல வேண்டிய தீர்ப்பாகவே இருக்கிறது.

ஆகையால், அடுத்த முறை கொடி உயரும்போது ரசிகர் தமக்குள் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். பந்து உதைபட்ட கணத்தில் அவர் எங்கே நின்றார்? கடைசியாகப் பந்தைத் தொட்டவர் யார். பந்து அவர் வசத்தில் இருந்ததா? அவர் அங்கே இல்லாமல் இருந்தால் எதிரி பந்தை ஆடியிருக்க முடியுமா? முதல் கேள்விக்கு இயந்திரம் பதில் சொல்லும். இரண்டாவதுக்கு வியாக்கியானம் பதில் சொல்லும். மூன்றாவது கேள்விக்கு நடுவர்தான் பதில் சொல்ல வேண்டும். மான்செஸ்டரில் கொடி பிடித்தவர் ஒரு பதில் நினைத்தார். விசில் பிடித்தவர் இன்னொன்று சொன்னார். விதியில் அந்த மூன்றாவது கேள்வி இன்னும் தெளிவான சொற்களில் எழுதப்படும் வரையில், இந்த வாதத்துக்கு முடிவு இல்லை.